பத்து மாத அட்வான்ஸ்

இருபத்தொன்பது வருஷம்
பாரிமுனைக் கிளையில் கேஷ் கவுண்டர்.
இப்போது வலது கை
கட்டே இல்லாமல் எண்ணுகிறது.
கட்டைவிரல் ஆள்காட்டிமேல் உரசி உரசி
எத்தனை என்று எனக்கே சொல்லாமல்.

"எவ்வளவு வந்துச்சு?" என்றாள் சற்குணம் ஒருநாள்.
சிரித்தோம்.
மறுபடி கேட்டதில்லை.

அதே வங்கி என் காசோலையைத் திருப்பியது.
கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம்.
இதே காரணம் சொல்லி
எத்தனை பேரைத் திருப்பியிருப்பேன்
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபடி.
தேவநேசன் என்று தொடங்கினால்
'ன்' வருவதற்குள்
எறும்பாகிவிடுகிறது பெயர்.

ஆய்வில் சேர இருபத்துநாலு பக்கப் படிவம்.
பக்கத்துக்கொரு கையெழுத்து.
ஒன்றுபோல் ஒன்று இல்லை.
"பரவாயில்ல சார், இதுவும் எங்களுக்குத் தகவல்தான்"
என்றாள் டாக்டர் நிறைமதி.
என் மகளைவிடச் சின்னவள்.

டோபமைன் சுரக்கும் செல்கள்
பாதிக்குமேல் போய்விட்டன.
ஆய்வுக்கூடத்தில் வளர்த்ததை
மண்டையில் துளையிட்டு ஊசியால் வைப்பார்கள்.
பிடிக்கலாம். பிடிக்காமலும் போகலாம்.
பிடித்தாலும் வேலை தொடங்க மாதங்கள் ஆகும்.
நோய் போகாது.
நடுக்கம், விறைப்பு கொஞ்சம் தணியலாம்.

மேல்மாடி காலி என்று
கிளையில் ஒருத்தனைக் கிண்டலடிப்போம்.
இப்போது என்னுடையதுக்கு
குடித்தனம் தேடுகிறார்கள்.
விசித்திரமான வாடகை இது:
வீட்டுக்காரனே
பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக்
காத்திருக்க வேண்டும்.
வருகிறவர்களைக் கீழ்வீட்டு நாய் குதறாமலிருக்க
தினம் இரண்டு வேளை மாத்திரை.
நாய் தூங்கும்.
திருடன் வந்தாலும் தூங்கும்.
ஆகவே கூட்டத்துக்குப் போகாதே,
லாரித் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே,
கடற்கரைச் சுண்டலைக் கண்ணால் பார்.

பதினேழாம் பக்கத்தில் இன்னொரு ஷரத்து.
பாதிப் பேருக்குத் துளை மட்டும்.
செல் கிடையாது.
மாத்திரைகூடப் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.
யார் எந்தப் பாதி என்று
நிறைமதிக்கே தெரியாது,
எங்கோ ஒரு கம்ப்யூட்டருக்குத் தெரியும்.
"அப்ப சும்மா ஓட்டை போடுவாங்களா?"
சற்குணம் எழுந்து வராந்தாவுக்குப் போனாள்.
நான் கையெழுத்துப் போட்டேன்,
இருப்பதிலேயே சின்னதாக.

மொட்டையைப் பார்த்து
"திருப்பதியா சார்?" என்றார் இஸ்திரிக்காரர்.
ஞாயிறுதோறும் கோயிலுக்கு
என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துத் தருபவர்.
"ஆமா" என்றேன்.
நேர்த்திக்கடன்தானே ஒருவகையில்.

அப்புறம் டைரி.
அரைமணிக்கொரு கட்டம்:
உடம்பு ஓடினால் ஆன்,
உறைந்தால் ஆஃப்.
சற்குணம்தான் எழுதுவாள், தணிக்கைக்காரியைப்போல.
மூன்றாம் மாதம் ஒன்றுமில்லை.
ஐந்தாம் மாதம்
கொளத்தூரில் முழங்கால் தண்ணீர்,
இரண்டு நாள் கரண்ட் இல்லை.
தெருவே ஆஃப்.
அன்றைக்கு மட்டும்
எல்லோரும் என்னைப்போல
சுவரைப் பிடித்து நடந்தார்கள்.

இரவுகளில் மேலே காது கொடுப்பேன்.
யாரோ பீரோவை நகர்த்துகிறார்களா,
இல்லை,
காலி வீடு தானாகப் போடும் சத்தமா.

பதினோராம் மாதம் ஒரு செவ்வாய்.
விடிகாலை, முதல் மாத்திரைக்கு முன்னால்
ஆவின் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்தேன்.
பாத்திரத்தில் ஊற்றினேன்.
மேடையில் ஒரு சொட்டு இல்லை.
அடுப்பைப் பற்றவைத்துவிட்டு
எதையும் தொடாமல் நின்றேன்,
தொட்டால் கலைந்துவிடும்போல.

சற்குணம் வந்தாள்.
மேடையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.
பால் பொங்கி வழிந்தது,
இருவரும் அணைக்கவில்லை.

"நம்பினாலே கொஞ்ச நாள் இப்படி இருக்குமாம்,
டாக்டர் சொல்லலையா" என்றேன்.
"சொன்னா" என்றாள்.
டைரியை விரித்தாள்.
பேனாவை என் பக்கம் நீட்டினாள்.
"நீங்களே எழுதுங்க."

'ஆ' நல்ல பெரிதாக வந்தது.
'ன்' வரும்வரை
இரண்டு பேரும்
மூச்சு விடவில்லை.